ஆழ்ந்த அனுதாபங்கள், பூப்போட்ட காகிதத்தில்

என்னுடைய முப்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு என் கணவர் ஒரு வாழ்த்து அட்டை வாங்கி வந்தார். வெளியே அழகான ஏரி, படகு, சூரியன். உள்ளே அச்சடித்திருந்த நாலு வரியை அவர் படித்துப் பார்க்கவில்லை. கீழே கையெழுத்து மட்டும் போட்டிருந்தார். நான் படித்தேன். இத்தனை வருட உழைப்புக்குப் பிறகு இனியாவது நிம்மதியாக மீன் பிடியுங்கள் என்று இருந்தது. அது வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கான அட்டை.

"ஏரி நல்லா இருந்துது, எடுத்தேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமையே நான் நூலகத்தில் நடக்கும் வாழ்த்து அட்டை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கடையில் வாங்கும் அட்டை இனி இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஒரு வீம்பு. வகுப்பில் ஆறு பேர். என்னைத் தவிர எல்லோரும் நிஜமாகவே மீன் பிடிக்கும் வயதில் இருந்த அமெரிக்கப் பெண்மணிகள். ரப்பர் ஸ்டாம்பை இங்க் பேடில் அழுத்தாமல் தட்டித் தட்டி மை ஏற்றுவது, பூப்போட்ட, கோடுபோட்ட காகிதங்களை ஒன்றோடொன்று சண்டை போடாமல் சேர்ப்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஈர மையின் மேல் ஒரு பொடியைத் தூவி, ஹீட் கன்னால் சூடு காட்டினால் எழுத்து உருகிப் பளபளவென்று எழும்பி நிற்கும். அதை முதல் தடவை எங்கள் அபார்ட்மென்ட்டில் செய்தபோது ஸ்மோக் அலாரம் அலறி, கீழ் வீட்டுக்காரர் செருப்பில்லாமல் வெளியே ஓடினார். அவருக்கு மன்னிப்பு கேட்டு நான் கொடுத்ததுதான் என் முதல் அட்டை.

சிக்கல் எங்கே வந்தது என்றால், தமிழில் ஸ்டாம்ப் எங்கும் கிடைக்கவில்லை. பெரிய வெள்ளை அழிரப்பர்களை வாங்கி நானே செதுக்க ஆரம்பித்தேன். முதலில் செதுக்கிய சொல் "வாழ்த்துகள்". ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து செதுக்கி, மை தொட்டு அடித்தால், அத்தனையும் இடவலம் மாறி விழுந்தது. எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அட்டையையும் வீணாக்காமல் என் தோழிக்குக் கொடுத்தேன். எங்கள் வளாகத்திலேயே இரண்டு கட்டடம் தள்ளி இருப்பவள். பிள்ளைகளின் டேகேர் வாசலில் ஆரம்பித்த சிநேகம். அவள் அட்டையைப் பாத்ரூம் கண்ணாடிக்கு எதிரே பிடித்துப் படித்துவிட்டு, "ரொம்ப ஆழமான வாழ்த்து. தேடிப்போய்ப் படிக்க வேண்டியிருக்கு" என்றாள்.

அவளும் நானும் சேர்ந்தால் எந்தக் காரியமும் ஒழுங்காகப் போகாது. பிறந்தநாள், கல்யாண நாள் அட்டைகள் சீக்கிரமே எங்களுக்கு அலுத்துவிட்டன. கடைக்காரர்கள் மறந்துவிட்ட சந்தர்ப்பங்களுக்கு அட்டை செய்யத் தொடங்கினோம். கிரீன் கார்டு வரிசை ஒரே ஒரு வாரம் முன்னால் நகர்ந்ததற்கு வாழ்த்து. வாங்கிப் போன டப்பாவை ஒன்பது மாதம் கழித்து, மூடியோடு திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி. "பத்தே நிமிஷத்தில் கிளம்பிவிடுவோம்" என்று விருந்து வீட்டில் சொல்லி, இரண்டு மணி நேரம் வாசலில் நின்று பேசியதற்குப் பாராட்டு. நான் செதுக்குவேன், அவள் வாசகம் சொல்வாள். தெரிந்தவர்கள் வட்டத்தில் கொஞ்சம் பேர் சிரித்தார்கள், கொஞ்சம் பேர் எங்களைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

அந்த வருடம் என் மாமியார் சென்னையிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அதே சமயம் தோழியின் மாமியாரும் வந்திருந்தார். அவர் ரிட்டையர் ஆன இங்கிலீஷ் டீச்சர், எல்லோருக்கும் டீச்சரம்மா. இரண்டு பேரும் தினமும் சாயங்காலம் ஸ்வெட்டரும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக ஏரியைச் சுற்றி நடப்பார்கள். என்ன பேசுவார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. முழங்கால் வலி பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

ஐந்தாவது மாதத்தில், ஒரே வாரத்தில், இரண்டு வீட்டிலும் எங்கள் கணவர்கள் தத்தம் அம்மாவுக்கு இன்னும் ஆறு மாதம் தங்க விண்ணப்பம் போட்டார்கள். தோழி எனக்கு போன் செய்து ஒரே ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதற்கு ஒரு அட்டை செய்யாமல் எப்படி இருப்பது? நீல நிறத்தில் மேகம் மேகமாக இருந்த காகிதத்தில் ஒரு சூட்கேஸும் ஒரு விமானமும் அடித்தேன். விமானத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. உள்ளே அடிக்க, தனித்தனி ரப்பரில் ஐந்து சொற்கள் செதுக்கினேன். "மாமியார்", "விசா", "நீட்டிப்பு", "ஆழ்ந்த", "அனுதாபங்கள்".

அட்டையை முடித்துத் தோழியிடம் கொடுத்துவிட்டு வந்து ரப்பர்களைக் கழுவி, சிங்க் ஓரத்தில் பேப்பர் டவல் விரித்து வரிசையாகக் காய வைத்தேன். அத்தை காபி டம்ளரோடு வந்து, கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"சும்மா ஒரு டிசைன், அத்தை."

"ம்ம். நல்ல டிசைன்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். திருப்பிச் செதுக்கிய எழுத்து யாருக்குப் புரியப் போகிறது என்று எனக்குள் ஒரு இளக்காரச் சிரிப்பு. அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, தபால் பெட்டியில் எனக்கு ஒரு உறை வந்திருந்தது. முகவரி இங்கிலீஷில், கொட்டை எழுத்தில். அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே ஒரு அட்டை. மயில்கழுத்து நிறத்தில் தங்கக் கொடி ஓடும் காகிதம். அதை ஒரே ஒரு தாள் வாங்கி, தோழியும் நானும் ஆளுக்குப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டு, கத்தரி வைக்க மனசு வராமல் இரண்டு வருடமாக வைத்திருந்தோம். திறந்தேன்.

"உங்கள் மாமியார் ஊருக்குப் போன பிறகு உங்கள் வீட்டுக் காலை டிபனுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்."

"மாமியார்", "ஆழ்ந்த", "அனுதாபங்கள்" மூன்றும் என்னுடைய ரப்பர்களேதான். "அனுதாபங்கள்" என்பதில் "ங்" ஓரத்தில் என் கத்தி வழுக்கிய தழும்பு அப்படியே இருந்தது. மற்ற சொற்கள் புதிதாகச் செதுக்கியவை. "காலை" என்பதில் "லை" மட்டும் என்னவோ போல் வளைந்திருந்தது. கை கோணிவிட்டது போல என்று நினைத்தேன். என் ஸ்டாம்ப் பெட்டியை நினைத்த நேரம் வந்து குடைகிற ஒரே ஆள் என் தோழிதான். என் இட்லியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று எனக்கு ரோஷம் வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

அவளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பேச்சில் ஒரு விறைப்பு தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயிலுக்கு அவளுடைய வேனில் போனோம். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். பின்னால் இரண்டு மாமியார்கள். மலைமேல் ஏறும்போது அவள் கண்ணாடியைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

"நாலு நாள் முன்னாடி எனக்கு ஒரு தபால் வந்துது."

"எனக்குப் போன வாரமே வந்துடுச்சு. ரொம்ப நன்றி."

"எனக்கு எதுக்கு நன்றி? நான்தான் உனக்குச் சொல்லணும்."

"ஓஹோ, இப்படி வேற திருப்புறியா?"

"ஒருத்தர் லேட்டா வர்றாங்கன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடலாம். ஸ்டாம்ப் ஒட்டி அனுப்ப வேண்டியதில்ல."

"ஒருத்தர் டிபன் பிடிக்கலைன்னா அதையும் சொல்லிடலாம். வீட்டுக்கு வந்து மூணு மூணு தோசையா சாப்பிட வேண்டியதில்ல."

பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "என்னம்மா விஷயம்?"

"ஒண்ணுமில்ல அத்தை. ஆபீஸ் விஷயம்."

"உங்க ரெண்டு பேருக்கும் வேற வேற ஆபீஸ் இல்ல?"

"விடுங்க" என்றார் டீச்சரம்மா. "சின்னப் பொண்ணுங்க. அவங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்." கைப்பையைத் திறந்து எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு புளிப்பு மிட்டாய் நீட்டினார். கோயில் வாசல் வரை பின் சீட்டில் யாருக்கோ அடிக்கடி இருமல் வந்தது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் அதைக் குறைத்து வைத்தேன்.

கோயில் கேன்டீனில் மாமியார்கள் புளியோதரை வரிசையில் நின்றபோது, தோழி தன் பையிலிருந்து அட்டையை எடுத்து என் முன்னால் போட்டாள். அதே மயில்கழுத்துக் காகிதம்.

"குழந்தைகளின் தமிழ் கிளாஸுக்கு நீங்கள் ஒரு நாள் சரியான நேரத்துக்கு வந்துவிட்டீர்கள். வாழ்த்துகள். கவலை வேண்டாம், மறுபடி நடக்காது."

படித்ததும் எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அதை அவள் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணுகிற அளவுக்குப் போய்விட்டோம். கடைசியில் நான் அட்டையை மறுபடி வாங்கிப் பார்த்தேன். "கவலை." அந்த "லை" இதிலும் அதே மாதிரி வளைந்திருந்தது. ஒரு தடவை கோணினால் கை வழுக்கியது என்று சொல்லலாம். இரண்டு தடவையும் ஒரே மாதிரியா கோணும்? அதோடு இன்னொன்றும் உறுத்தியது. வரிகள் ஸ்கேல் வைத்ததுபோல் நேராக இருந்தன. சொல்லுக்குச் சொல் ஒரே அளவு இடைவெளி. என் அட்டைகளில் வரி எப்போதும் கொஞ்சம் மலையேறும். தோழிக்கோ பூரி வட்டமாக வந்தாலே பெரிய விஷயம்.

"இது நீயும் இல்ல, நானும் இல்ல" என்றேன்.

"உன் வீட்டுக்காரர்?"

"அவரா? அவர் அட்டையை உள்ள திறந்தே பாக்க மாட்டார்."

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. தமிழில் திட்டினால் புரியும், எழுத வராது. தோழியின் பிள்ளைகளும் அப்படித்தான். சந்தேகப்பட ஆள் இல்லாமல், பிரசாதப் பொங்கலின் நெய் வடியும் கையோடு உட்கார்ந்திருந்தோம்.

விடை எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. புதன்கிழமை மௌரி அவென்யூவில் இந்தியக் கடைக்குப் போவதற்காக, அத்தை எழுதி வைத்திருந்த சாமான் பட்டியலை உருவினேன். துவரம் பருப்பு, கறிவேப்பிலை, வெற்றிலை. மறுபடி படித்தேன். இரண்டு "லை"யும் மேலே யானைத் துதிக்கை மாதிரி சுருண்டிருந்தன. எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் எழுதும் பழைய "லை". எங்கள் தலைமுறையில் அப்படி எழுதுகிறவர் யாரும் இல்லை.

பட்டியலைக் கையில் பிடித்தபடி சமையலறைக்குப் போனேன். அத்தை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பட்டியலையும் எனக்கு வந்த அட்டையையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இரண்டையும் பார்த்தார்.

"அடடா" என்றார். "இந்த லையை யோசிக்கவே இல்லையே."

"அத்தை, நீங்களா?"

"நான் செதுக்கினேன். டீச்சரம்மா அட்ரஸ் எழுதினாங்க. வாக்கிங் போறப்போ பெட்டியில போட்டோம். நீ ஆபீஸ் போற செவ்வாய், வியாழன்தான் எங்களுக்கு வேலை."

"அந்த மயில்கழுத்துப் பேப்பர்..."

"ரெண்டு வருஷமா சும்மா கிடக்குன்னு நீதானே சொன்ன?"

எனக்கு அப்போதுதான் அடுத்த கேள்வி தோன்றியது. தோன்றியதும் கேட்கப் பயமாக இருந்தது. அனுதாபம் என்ற சொல் இவருக்கு எங்கே கிடைத்தது? அத்தை கத்தியைக் கீழே வைத்தார்.

"எங்கப்பா செங்கல்பட்டுல அச்சாபீஸ் வெச்சிருந்தார், உனக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் அடிப்பார். ஸ்கூல் விட்டு வந்தா நானும் எங்கக்காவும் ஈய எழுத்தைப் பொறுக்கிக் கோப்போம். எனக்கு நேரா இருக்கிற எழுத்தைவிடத் திரும்பி இருக்கிற எழுத்துதான் முதல்ல வந்துது. நீ சிங்க்ல காய வெச்ச அஞ்சு ரப்பரையும் நான் ஒரே பார்வையில படிச்சுட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். "அத்தை, அது உங்களுக்குன்னு இல்ல, அவளுக்காக..." என்று ஆரம்பித்து, அது இன்னும் கேவலமாக இருந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

"பொய் சொல்ல மாட்டேன். அன்னிக்குச் சாப்பாடு இறங்கல" என்றார். "ஒரு வாரம் மனசுக்குள்ளயே வெச்சிருந்துட்டு ஏரிக்கரைல டீச்சரம்மாகிட்ட சொன்னேன். அவங்க சாவகாசமா, 'அந்த கார்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், எங்க வீட்டு நாப்கின் டிராயர்ல அடியில இருக்கு. நான் படிச்சு நாலு நாள் ஆச்சு'ன்னாங்க. அதைச் சொன்ன விதத்துல எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பெஞ்ச்ல உக்காந்து அப்படிச் சிரிச்சோம். வாத்தெல்லாம் பயந்து தண்ணிக்குள்ள ஓடிப்போச்சு."

"மன்னிச்சுக்குங்க, அத்தை."

"எதுக்கு? நல்லாத்தான் செதுக்கியிருக்க. 'ழ்' மட்டும் கொஞ்சம் குண்டு." மறுபடி வெண்டைக்காயை எடுத்தவர், நறுக்காமல் அதையே பார்த்தபடி சொன்னார். "அந்த அனுதாபத்தை எனக்கே அனுப்பியிருக்கலாம். பொருத்தமா இருந்திருக்கும்."

"என்ன அத்தை சொல்றீங்க?"

"நீட்டிப்பு நான் கேட்டேனா? உன் புருஷன் ஒரு நாள் லேப்டாப்பைக் கொண்டுவந்து, இங்க கையெழுத்துப் போடும்மான்னான். போட்டேன். இன்னும் ஆறு மாசம்னு அப்புறம்தான் சொன்னான். அவன் முகம் அவ்வளவு சந்தோஷமா இருந்துது, நான் என்ன சொல்ல?" குரலைத் தாழ்த்தினார். "இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா தை பொறந்தா எங்க ஃப்ளாட்ஸ்ல அசோசியேஷன் எலக்‌ஷன். நாலு வருஷமா நான்தான் செக்ரட்டரி. நான் இல்லைன்னா அந்த மூணாவது மாடிக்காரர் வந்துடுவார். அவர் வந்தா மோட்டாரை யாருக்கு எப்போ போடுவார்னே சொல்ல முடியாது."

ஐந்து மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவர் இங்கே சலிப்பில்லாமல் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டேனே தவிர, அங்கே அவருக்கு என்ன காத்திருக்கிறது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஊரில் அவர் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருப்பார் என்றுதான் நானும் என் கணவரும் முடிவு கட்டி வைத்திருந்தோம். அங்கே ஒரு மூன்றாவது மாடிக்காரரையே நடுங்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவர்கிட்ட சொல்லிடலாமே, அத்தை."

"நேரா சொன்னா, உனக்கு இங்க என்ன குறைன்னு கேட்டு முகம் வாடிடுவான். வேற மாதிரி சொல்லணும்." என் ஸ்டாம்ப் பெட்டி இருந்த அலமாரியை முகவாயால் காட்டினார். "அந்த விமானம் இருக்கு இல்ல?"

வெள்ளிக்கிழமை நான் பாதி நாள் லீவு போட்டேன். டீச்சரம்மாவும் வந்தார். வாசகம் அவர் சொன்னார். அத்தை செதுக்கினார், பென்சிலால் வரைந்துகூடப் பார்க்காமல். எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: ஸ்மோக் அலாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு ஏறி, பழைய துண்டால் விசிறிக்கொண்டே இருப்பது. பொடி உருகி எழுத்து தங்கமாக எழும்பியபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆங்" என்றார்கள்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும், தபாலோடு தபாலாக அதையும் மேஜையில் வைத்தோம். மூன்றாவது உறையாகப் பிரித்தார். விமானத்தை ரசித்தார். உள்ளே திறக்காமல் வைக்கப் போனார்.

"உள்ள பாருடா" என்றார் அத்தை.

"தங்கள் தாயாரை மேலும் ஆறு மாதம் வைத்துக்கொள்ளத் தாங்கள் எடுத்த முயற்சிக்கு மனமார்ந்த நன்றி. ஒரு சின்ன வேலை விட்டுப்போயிற்று. அவரைக் கேட்கவில்லை."

அவர் இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி அத்தையைக் காட்டினேன்.

"உனக்கு இங்க பிடிக்கலையாம்மா?"

"பிடிச்சிருக்குடா. பிடிச்ச இடத்துலயே இருந்துடணுமா?"

"நீ சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டிருக்கலாமே."

என் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "பாட்டி ஜஸ்ட் ரோஸ்ட்டட் யூ, டாட்" என்றாள். அவர் முகம் கொஞ்ச நேரம் வாடித்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எந்தத் தேதி, எந்த ஊர் வழியாக, ஜன்னல் சீட்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தை எல்லாவற்றுக்கும் ரொம்ப நிதானமாக யோசித்துப் பதில் சொன்னார்.

டீச்சரம்மாவுக்கு இங்கேயே இருக்கப் பிடித்திருந்தது. நூலகத்தில் படிக்க வேண்டிய புத்தகங்கள் நிறைய பாக்கி இருப்பதாகச் சொன்னார். ஆனால் அத்தை கிளம்பும் வாரம் இரண்டு நாள் அவர் வாக்கிங் வரவில்லை. தோழி அவரைச் சமாதானப்படுத்தி எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டு வந்தபோது, வழக்கம்போல் நாற்பது நிமிஷம் தாமதம்.

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் என் கணவர் அம்மாவுக்கு முன்கூட்டியே சக்கர நாற்காலி சொல்லி வைத்திருந்தார். அத்தைக்குக் கோபம். "நான் என்ன நோயாளியா? தினம் ஏரியை ரெண்டு சுத்து சுத்துறேன். அதெல்லாம் வேண்டாம்னு சொல்லு" என்று விறுவிறுவென்று முன்னால் நடந்தார். திருப்பத்தில் செக்யூரிட்டி வரிசை தெரிந்தது. அது ஆறு மடிப்பாக மடிந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை போயிற்று. அத்தை நின்றார். வரிசையை ஒரு தடவை அளந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கடா அந்த நாற்காலி?" என்றார்.

சீருடை போட்ட ஒரு ஆள் அவரை உட்கார வைத்து, காத்திருந்த அத்தனை பேரையும் தாண்டித் தள்ளிக்கொண்டு போனார். அத்தை ஒரு தடவை திரும்பி, எங்களைப் பார்த்துக் கையை அசைத்தார். கூட்டத்தைப் பார்த்து அமைச்சர்கள் அசைக்கிற மாதிரி இருந்தது. என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அம்மாவுக்கு முழங்கால் இவ்வளவு மோசமா இருக்குன்னு எனக்குத் தெரியவே இல்ல" என்றார்.

நான் பையிலிருந்து ஒரு டிஷ்யூ எடுத்து அவரிடம் நீட்டினேன்.